நெற்றியில் ஒன்று, நாக்கடியில் ஒன்று

நான் கட்டினதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் 'இதைக் கேட்க இவன் யார்' என்று சொல்லக்கூடாது.

ஆண்டர்சன்பேட்டையில் நாலு அறை வீடு. அஸ்திவாரம் தோண்டினது நான், தண்ணீர் சுமந்தது என் சம்சாரம். மேஸ்திரி மூன்றாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். மிச்சச் சுவரை நானே எழுப்பினேன். இன்று வரைக்கும் ஒரு விரிசல் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். இங்கே தங்கச் சுரங்கத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினபோது, என்கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலை தேடி ரயில் ஏறினார்கள். நான் ஏறவில்லை. தகரம் வெட்டுகிற கத்தரி ஒன்று, யாரோ வேண்டாம் என்று போட்ட வெல்டிங் மெஷின் ஒன்று, இந்த இரண்டை வைத்து வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டேன். சமையல்கட்டுப் புகையை வெளியே தள்ளுகிற ஃபேன், அதற்குத் தகரக் குழாய், அதுதான் தொழில். பங்காருப்பேட்டையிலிருந்து முல்பாகல் வரைக்கும் கல்யாண மண்டபங்களில் சமையல்காரன் கண் எரியாமல் நிற்கிறான் என்றால் முக்கால்வாசி இடத்தில் அது நான் வைத்த குழாய். நான் படித்தது ஆறாவது. மகளை எம்.காம். வரைக்கும் படிக்க வைத்தேன். அவள் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி தினமும் பெங்களூர் போய் வருகிறாள். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாள். கிளறினது கோழியாகவே இருக்கட்டும், அதில் பொய் இருக்காது. ஒரே ஒரு நாள் தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலில் இன்னொன்று சேர்க்கவேண்டியிருக்கிறது. என் சம்சாரம் உயிரோடு இருக்கிறாள். அது எப்படி நடந்தது என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நந்திதுர்க் சுரங்கத்தில் நான் பாறை உடைக்கிறவன் இல்லை, காற்று பார்க்கிறவன். கீழே போகப் போகப் பாறை சுடும். இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி இருக்கும். ஓர் இடத்தில் ஆள் நின்று வேலை செய்யலாமா, கூடாதா என்று சொல்வது எங்கள் வேலை. அதற்கு ஒரு கருவி உண்டு. குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி கைப்பிடி, அதில் பக்கம் பக்கமாக இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும், இன்னொன்று காய்ந்தது. கருவியைக் கையில் பிடித்துச் சுற்றவேண்டும். காற்று படப் பட ஈரத்துணி சுற்றினது இறங்கும், காய்ந்தது இறங்காது. ஒரே இடம், ஒரே காற்று, இரண்டு நம்பர். இரண்டும் நிஜம். இரண்டையும் அங்கே தொங்குகிற பலகையில் சாக்பீஸால் எழுதவேண்டும். தேதி, மணி, காய்ந்தது எவ்வளவு, ஈரமானது எவ்வளவு, பார்த்தவன் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் இருந்தால் எங்கள் சுரங்க மேஸ்திரி துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் போகச் சொல்வார். பார்த்தவன் பெயர் இல்லாத நம்பரை நம்பி ஓர் ஆளை உள்ளே அனுப்ப முடியாது என்பார்.

போன வருஷம் என் சம்சாரத்துக்குத் தொப்புளுக்கு மேலே குடல் பிதுங்கிக்கொண்டு வந்தது. இருமினால் உள்ளங்கை அளவுக்கு வீங்கும். சுகர் வேறே இருக்கிறது. ஆபரேஷன் செய்து உள்ளே வலை வைத்துத் தைக்கவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி பெயரை எழுத மாட்டேன், எனக்கு யார் மேலும் கேஸ் போடுகிற எண்ணம் இல்லை. ஆனால் உள்ளே கால் வைத்ததுமே எனக்குச் சந்தேகம். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நான் முதலில் காற்று எங்கே வருகிறது, எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். அந்த வார்டில் பாத்ரூம் ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். நாற்றத்தை வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஃபேனுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பார்க்காதவர்கள் வயிற்றைத் திறந்து இன்னா பார்ப்பார்கள்?

மகளிடம் சொன்னேன். "ஃபேனைப் பார்க்க வந்தியா, அம்மாவைப் பார்க்க வந்தியா?" என்றாள்.

ஆபரேஷன் திங்கட்கிழமை. மத்தியானம் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்து கட்டிலில் மாற்றினார்கள். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கட்டில் கிடுகிடு என்று ஆட ஆரம்பித்தது. பல் ஒன்றோடு ஒன்று தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சூட்டில் மாட்டின ஆட்களைச் சுரங்கத்தில் நான் பார்த்திருக்கிறேன். விழுவதற்கு முன்னால் சில பேருக்கு இப்படித்தான் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். அப்போது யோசிக்கக்கூடாது. சட்டையைக் கழற்று, தண்ணீர் ஊற்று, காற்றுக் குழாயைத் திறந்து விடு. இதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். மேலே இரண்டு கம்பளி போர்த்தியிருந்தார்கள். அட பாவிகளா, சூடு ஏறின ஆளுக்கு யாராவது கம்பளி போர்த்துவார்களா என்று இரண்டையும் உருவிப் போட்டேன். ஃபேனை ஐந்தில் வைத்தேன். என் துண்டை நனைத்து அவள் நெற்றியில் போட்டேன்.

சிஸ்டர் ஓடி வந்தாள். ஆண்டர்சன்பேட்டை சர்ச் பக்கத்துப் பெண்தான், நம்ம ஊர்த் தமிழ்.

"அங்கிள்! இன்னா பண்றீங்க?"

"சூடு ஏறிக்கீது, தெரியலையா? எறக்கறேன்."

"சூடா? காலைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

"தொண்ணூத்தஞ்சுதான் இருக்காங்க. ஆபரேஷன் ரூம்பு குளிரு, முதுகுல போட்ட ஊசி, எல்லாம் சேர்ந்து உடம்பு சூட்டை உட்டுடும். அதை ஏத்தறதுக்குத்தான் ஒடம்பு ஒதறுது. நான் கம்பளி போட்டா நீங்க ஃபேனைப் போடறீங்க!"

பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பெரியவரு பொண்டாட்டிய ஃப்ரிட்ஜுல வெச்சுட்டாரு."

சாயங்காலம் நடுக்கம் நின்று நினைவு தெளிந்ததும் என் சம்சாரத்திடமும் அதைச் சொல்லிவிட்டாள் அந்த அம்மாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யோவ், டாக்டரு கத்திக்குத் தப்பிச்சாலும் உன் துண்டுக்குத் தப்பிக்க முடியாது போலக்கீதே" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நாற்பத்தைந்து வருஷமாக அவள் வாய் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை நிஜமாகவே ஜுரம் வந்தது. நூறும் சில்லறையும். நான் விடுவேனா? டாக்டர் அறை வாசலிலேயே நின்றேன். அவர் கன்னடக்காரர், என்னை 'யஜமான்ரே' என்றுதான் கூப்பிடுவார், நாம் 'பெரியவரே' என்கிற மாதிரி. உள்ளே கிருமி போய்விட்டதா, கத்தியைச் சுத்தம் செய்தீர்களா, எது எதுவோ கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"யஜமான்ரே, கத்தி பட்டா உடம்புக்குக் கோபம் வரும். மறுநாள் ஜ்வரா வரும், தானே போகும். அதுக்கு நான் பயப்படமாட்டேன். நாலாம் நாள், அஞ்சாம் நாள் வந்தா, அப்போ என்னைக் கூப்பிடுங்க. ராத்திரின்னாலும் வரேன்."

சொன்னபடி புதன்கிழமை ஜுரம் இறங்கிவிட்டது. இரண்டு தடவை நான் சத்தம் போட்டேன், இரண்டு தடவையும் நான்தான் தப்பு. அதற்கப்புறம் நான் வாயைத் திறந்தால் சிஸ்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மகளோ, "அப்பா, நீ வெளியே பெஞ்சில உக்காரு" என்பாள்.

உட்காரவில்லை. டாக்டர் சொன்ன நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் என் மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி இருந்தன.

வியாழக்கிழமை என் சம்சாரம் இட்லியைத் தள்ளி வைத்தாள். வாய் கசக்கிறது என்றாள். உடம்பெல்லாம் எரிகிறது, ஃபேனை வேகமாக வை என்றாள். வைத்தேன். நெற்றியை ஈரத்துண்டால் துடைத்துவிட்டேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். கழுத்துக்குப் பின்னால் கை வைத்தபோது சுட்ட மாதிரி இருந்தது. கட்டில் கால்மாட்டில் தொங்குகிற அட்டையைப் போய்ப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்கு வராது, நம்பர் வரும். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. புள்ளி ஆறு. மறுபடியும் புள்ளி நாலு.

இந்த மாதிரி நம்பர் எங்கே உட்கார்ந்து எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரே ஒரு நாள் என்று சொன்னேனே, அது இதுதான். முழங்கால் வீங்கியிருந்தது. ஆட்களை இறக்குகிற கூண்டு, கேஜ் என்போம், அதில் இறங்கி அந்தச் சுரங்கப் பாதையின் கடைசி வரைக்கும் நடந்து போகவேண்டும். நான் போகவில்லை. கீழே கேஜ் நிற்கிற இடத்திலேயே, நல்ல காற்றில் உட்கார்ந்து, முந்தின நாள் நம்பரில் ஒன்றை மட்டும் மாற்றி மனசில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போன ஒருவனிடம் சாக்பீஸைக் கொடுத்து, அந்த நம்பரைப் பலகையில் எழுதி என் கையெழுத்து மாதிரியே போடச் சொன்னேன். அந்த ஷிப்டில் அங்கே டிரில்லிங் செய்துகொண்டிருந்த ஒருவர் விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். பிழைத்தார், ஆனால் அப்புறம் கீழே இறங்கவே இல்லை, மேலேயே ஏதோ வேலை கொடுத்தார்கள். கூட்டமும் கூச்சலுமாக இருந்தபோது நான் அந்தப் பலகைக்குப் போனேன். சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, சம்சாரத்திடம்கூட.

அதனால்தான் அந்த ஆண்டர்சன்பேட்டை சிஸ்டரைச் சந்தேகப்பட்டேன். என் மாதிரியே அவளும் உட்கார்ந்த இடத்தில் எழுதுகிறாள் என்று நினைத்தேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

"சிஸ்டர், எழுதறதுக்கு முன்னே பாக்கறியா, பாக்காமலே எழுதறியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "அங்கிள், எங்கப்பா வயசு உங்களுக்கு. அதனால சும்மா போறேன்" என்று போய்விட்டாள்.

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று காத்திருந்தேன். மூன்று மணிக்கு நாற்காலியில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். இமை இடுக்கில் பார்த்தேன். வந்தாள். கொரோனா காலத்தில் மளிகைக்கடை வாசலில்கூட வைத்திருந்தார்களே, நெற்றிக்கு நேராகப் பிடிக்கிற துப்பாக்கி, அதைத்தான் பிடித்தாள். 'பீப்' என்றது. பார்த்தாள். எழுதினாள். போகும்போது என் பக்கம் திரும்பி, "தூங்குங்க அங்கிள், நல்லா தூங்குங்க" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. அவள் பொய் எழுதவில்லை.

அப்போ துப்பாக்கிதான் பொய். வீட்டுக்குப் போனேன். மகள் குழந்தையாக இருந்தபோது வாங்கின பாதரச தெர்மாமீட்டர் பீரோவில் இருந்தது. ஒரு தெர்மாமீட்டரை இன்னொன்றோடு வைத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது எங்கள் பழக்கம். மெடிக்கல் ஷாப்பில் புதிதாக ஒன்று வாங்கினேன். வெதுவெதுப்பான தண்ணீர் டம்ளரில் இரண்டையும் சேர்த்து வைத்தேன். இரண்டும் ஒரே நம்பர். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து என் சம்சாரத்தின் நாக்குக்கு அடியில் பழைய தெர்மாமீட்டரை வைத்தேன். மூன்று நிமிஷம். நூறு புள்ளி இரண்டு.

வேறு ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டு என் நெற்றியில் துப்பாக்கியைப் பிடிக்கச் சொன்னேன். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான். என்மேல் பிடித்தால் துப்பாக்கி சரியாகச் சொல்கிறது. சம்சாரத்தின்மேல் பிடித்தால் மாற்றிச் சொல்கிறது. இது இன்னா நியாயம்?

"காப்பி குடிச்சிருப்பாங்க, வாய் சூடா இருக்கும்" என்றாள் அந்த சிஸ்டர். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. மகளிடம் சொன்னேன். "அப்பா, திங்கக்கிழமை இன்னா பண்ணேன்னு ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள்.

மாதக் காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்தேன். பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். மணி, துப்பாக்கி எவ்வளவு, நாக்கடியில் எவ்வளவு, காப்பி குடித்து எவ்வளவு நேரம், ஃபேன் ஓடியதா, கையெழுத்து. எங்கள் பலகை மாதிரியே. அன்று சாயங்காலமும், வெள்ளிக்கிழமை காலையிலும், மத்தியானத்திலும் எழுதினேன். காலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மத்தியானம் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர்கள் சந்தோஷமாக ஒன்று சொன்னார்கள். நாளைக்குக் காலையில் வீட்டுக்குப் போகலாம். அட்டையில் புதன்கிழமையிலிருந்து எல்லாம் தொண்ணூற்றெட்டு, ஏன் வைத்திருக்கவேண்டும்? மகளுக்கு லீவு முடிகிறது. துணியெல்லாம் மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். என் சம்சாரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எந்தச் சண்டைக்கும் முதலில் வருகிறவள், மகள் புடவை மாற்று என்று சொன்னதற்குப் பதிலே பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஐந்து மணிக்கு நாக்குக்கு அடியில் வைத்தேன். நூற்றொன்று புள்ளி இரண்டு. காப்பி குடித்து இரண்டு மணி நேரம். ஃபேன் ஐந்தில். எழுதிவிட்டு, வழக்கம்போல அவள் நெற்றியில் இருந்த துண்டை எடுத்து, மறுபடியும் நனைத்துப் பிழிந்தேன். தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. மேலே ஃபேன் அடித்தது. மணிக்கட்டு மட்டும் சில்லென்று இருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே இடம், ஒரே காற்று, இரண்டு நம்பர். இரண்டும் நிஜம். ஈரத்துணி சுற்றி, காற்றில் சுற்றி, இருபத்தி நாலு வருஷம் நான் பார்த்த அதே கிலுகிலுப்பை. அவள் நெற்றியை நான்தான் நனைத்தேன். ஃபேனை நான்தான் வைத்தேன். சிஸ்டர் வந்து அந்த ஈர நெற்றியைப் பார்த்து நிஜமாகவே எழுதிக்கொண்டு போனாள். ஜுரத்தைத் தேடிக்கொண்டிருந்தவனே ஜுரத்தை மூடி வைத்திருக்கிறான்.

துண்டோடு சிஸ்டர் மேஜைக்குப் போனேன். அதே ஆண்டர்சன்பேட்டைப் பெண்தான் டியூட்டி.

"சிஸ்டர், நேத்து உன்னைச் சொன்னது தப்பு. நீ பார்த்துத்தான் எழுதினே. இப்போ எனக்காக ஒண்ணு பண்ணு. என் நெத்தியில புடி."

"மறுபடியுமா அங்கிள்?"

"புடிம்மா."

பிடித்தாள். தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. துண்டை என் நெற்றியில் தேய்த்தேன். மேஜைக்கு மேலே இருந்த ஃபேனுக்கு நேராகப் போய் நின்றேன். இரண்டு நிமிஷம் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். துணைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஃப்ரிட்ஜ் அம்மாளும் வந்துவிட்டாள்.

"இப்போ புடி."

'பீப்'. தொண்ணூற்றி நாலும் கொஞ்சமும்.

"இன்னா சிஸ்டர், ரெண்டு நிமிஷத்துல நான் செத்துக்கினு இருக்கேனா? நாடி பாரு."

அவள் சிரிக்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். காலண்டர் காகிதத்தை அவள் முன்னால் விரித்தேன். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போனாள். "காப்பிக்குக்கூட மணி போட்டுக்கீறீங்களே" என்றாள், மெதுவாக.

நேராகக் கட்டிலுக்கு வந்தாள். ஃபேனை நிறுத்தினாள். காய்ந்த துணியால் என் சம்சாரத்தின் நெற்றியை ஒற்றி எடுத்தாள். பத்து நிமிஷம் காத்திருந்தாள். மகள் மடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சிஸ்டர் துப்பாக்கியைப் பிடித்தாள். நூற்றொன்று. நாக்குக்கு அடியில் தங்கள் தெர்மாமீட்டரை வைத்தாள். நூற்றொன்று புள்ளி நாலு. கட்டுக்குப் பக்கத்தில் வயிற்றை லேசாக அழுத்தினாள். என் சம்சாரம் பல்லைக் கடித்துக்கொண்டு, "அங்கதாம்மா, ரெண்டு நாளா அங்கதான்" என்றாள்.

"ஏன் சொல்லல?" என்று மகள் கத்தினாள்.

"வீட்டுக்கு உட மாட்டாங்கன்னுதான். உனுக்கு லீவு முடியுது இல்ல."

டாக்டர் அரை மணியில் வந்தார். அவருக்கு நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை, சிஸ்டரே எல்லாம் சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள். தைத்த இடத்துக்குக் கீழே, வலைக்கு மேலே, சீழ் கட்டியிருந்தது. மேலே தோல் நன்றாகவே இருந்தது, உள்ளே அப்படி. உடனே திரும்பவும் உள்ளே கொண்டுபோனார்கள். இந்தத் தடவை அவள் வெளியே வந்தபோதும் நடுங்கினாள். நான் கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அப்புறம் பன்னிரண்டு நாள். இரண்டு நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சுகர் ஏறிற்று, பிரஷர் இறங்கிற்று, பேச்சு குழறிற்று. ஒரு நாள் டாக்டர் வராண்டாவில் என் பக்கத்தில் நின்றார். "யஜமான்ரே, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஆறாவது படித்தவன் தோளில் பெரிய டாக்டர் தட்டினார், அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் தோளில் தட்டினதை யாரால் படிக்க முடியும்?

வீட்டுக்குப் போகிற நாளில் மூன்று பக்கக் காகிதம் கொடுத்தார்கள். மகள் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் நிறுத்தினேன்.

"அதைத் திரும்பிச் சொல்லு."

"ஆபரேஷனுக்கு அப்புறம் நாலாவது நாள், வழக்கமான கண்காணிப்பில் ஜுரம் இருப்பது தெரியவந்ததுன்னு போட்டிருக்குப்பா."

"யாருக்குத் தெரியவந்தது?"

"அதெல்லாம் போடமாட்டாங்க."

"வழக்கமான கண்காணிப்புல தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுதானே தெரிஞ்சுது? அந்த அட்டையில அதானே கீது?"

"அம்மா பொழைச்சுக்கிட்டாங்க. உடுப்பா."

விடவில்லை. டாக்டர் அறைக்குப் போனேன். "இதெல்லா பரீபேக்கா யஜமான்ரே?" என்று சிரித்தார். இதையெல்லாம் எழுதவேண்டுமா என்று. எழுதத்தான் வேண்டும் என்றேன். இது கம்ப்யூட்டரில் தானாக வருகிற வரி, எல்லாருக்கும் அப்படித்தான் என்றார். தானாக வந்த வரிதான் எனக்குச் சந்தேகம் என்றேன். பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லை நான் நிறைய மேஜைகளுக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

சிஸ்டர் மட்டும் ஒன்று செய்தாள். என் காலண்டர் காகிதத்தை வாங்கி, கடைசிக் கட்டத்துக்குக் கீழே தான் பார்த்த நூற்றொன்று புள்ளி நாலையும் மணியையும் எழுதி, தன் கையெழுத்தையும் போட்டாள். இப்போது வார்டில் துப்பாக்கி பிடிப்பதற்கு முன்னால் எல்லாருக்கும் நெற்றியைத் துடைக்கிறார்களாம், ஃபேனை நிறுத்துகிறார்களாம். அவள்தான் எங்களைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். என் சம்சாரம் அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "உங்க அங்கிளு அந்தத் துண்டை இன்னும் பத்திரமா வெச்சிருக்காரு, ஜாக்கிரதை" என்றாள். சண்டைக்குத் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு அது போதும்.

போதும் என்றால் அவளுக்குப் போதும். காகிதத்துக்குப் போதாது.

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த வரியை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதுங்கள். திங்கட்கிழமை குளிரில் நடுங்கினவளுக்குக் கம்பளியை உருவினது அவள் புருஷன் என்று எழுதுங்கள். ஈரத்துணி போட்டு இரண்டு நாள் ஜுரத்தை மறைத்ததும் அவன்தான் என்று எழுதுங்கள், நான் தடுக்கமாட்டேன். அதற்குக் கீழே, அந்த ஜுரத்தைக் கண்டுபிடித்ததும் அவனே, சரிபார்த்தது டியூட்டியில் இருந்த சிஸ்டர் என்று எழுதுங்கள். சுரங்கத்தில் ஒரு நாள் என் பெயரை நானே சட்டைக் கையால் துடைத்தேன், அதை இங்கே எழுதிவிட்டேன். இந்தத் தடவை நான் துடைக்கவும் மாட்டேன், கம்ப்யூட்டர் துடைக்க விடவும் மாட்டேன். காலண்டர் காகிதம் என்னிடம் இருக்கிறது. அதை நகல் எடுத்து அவள் ஃபைலில் சேருங்கள். தேதி, மணி, நெற்றியில் எவ்வளவு, நாக்கடியில் எவ்வளவு, பார்த்தவன் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கிறது. கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். படிக்க வராவிட்டால் கூப்பிடுங்கள், வந்து படித்துக் காட்டுகிறேன்.